மணிவிழாவில் மும்மதப் பிரார்த்தனை: எதை வைக்கலாம், எதை எடுத்துவிட வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது. காரைக்குடியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். காலையில் ஹோமமும் கலசாபிஷேகமும். மாலையில் அப்பாவின் நெடுநாள் நண்பர்களை முன்னிட்டு ஒரு மும்மதப் பிரார்த்தனை வைக்க ஆசை. பங்குத்தந்தையும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நிகழ்ச்சி நிரலைக் காட்டியதும் இருவருக்கும் தயக்கம். அதில் மூன்று அம்சங்கள்: மூவரும் சேர்ந்து குத்துவிளக்கு ஏற்றுவது, ‘எல்லாச் சமயமும் ஒன்றே’ என்ற உறுதிமொழியைக் கூட்டம் முழுக்கத் திருப்பிச் சொல்வது, மறைந்த ஐயாவின் (தாத்தாவின்) ஆன்ம சாந்திக்கு மூவரும் வேண்டுவது. ‘அவர்களும் ஒரே கடவுள் என்கிறார்கள், நாமும் ஒரே கடவுள் என்கிறோம். பிறகு ஏன் தயக்கம்? ஒரு கடவுள் கொள்கைக்கும் சர்வசமயக் கொள்கைக்கும் ஒத்தே வராதா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒத்து வரும். நீங்கள் வகுத்திருக்கும் வடிவத்தில்தான் வராது. குறுகிய மனத்தால் யாரும் தயங்கவில்லை. அந்த மூன்று அம்சங்களும் அவர்களுடைய சமயத்தின் உயிர்நாடியைத் தொடுகின்றன. எது, ஏன் என்று தெரிந்துகொண்டால் மாற்றி அமைப்பது சிறிய வேலை. காரணத்தைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளும்.

‘எல்லாச் சமயமும் ஒன்றே’ என்பதை யாரையும் புண்படுத்தாத பொது வாக்கியம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அதுவும் ஒரு சமயக் கொள்கைதான். அதற்கும் ஒரு பிறந்த வீடு உண்டு. நம் சீமையில் அதன் மிக அழகான வடிவம் தாயுமானவருடையது. அவர் சமாதி கொண்ட இடம் ராமநாதபுரம். ‘வேறுபடும் சமயமெல்லாம் புகுந்து பார்க்கின் விளங்கு பரம்பொருளே நின் விளையாட்டல்லால் மாறுபடும் கருத்தில்லை’ என்று தொடங்கி, முடிவில் எல்லாம் மோனக் கடலில் ஆறுகள் போலச் சேர்கின்றன என்று முடிப்பார். இதை மனதார ஏற்க வேண்டுமானால் முடிவான உண்மை சொல்லைக் கடந்தது என்பதையும், பெயர், உருவம், வேதம், விதி எல்லாம் அந்த உண்மைக்கு இப்பால் நிற்பவை என்பதையும் முதலில் ஏற்றாக வேண்டும். தாயுமானவருக்கு அது அனுபவம். ஹஜ்ரத்துக்கோ குர்ஆன் இறைவனின் சொல்லே. அதற்கு அப்பால் ஒரு மௌனத்தில் போய்த்தான் உண்மை கிடைக்கும் என்பதில்லை. அந்த உறுதிமொழியை அவர் வாயால் சொல்லச் சொன்னால், தம் வேதத்தைப் பல விளையாட்டுகளில் ஒன்று என்று ஒப்புக்கொள்ளச் சொல்வதாக ஆகிறது. ஃபாதருக்கும் இதே சங்கடம்தான். அவருக்குக் கிறிஸ்து பல ஆறுகளில் ஒன்று அல்ல.

நம் சைவமே இந்த ‘எல்லாம் சமம்’ என்ற நிலைக்கு முழுதாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பாடியது:

யாதொரு தெய்வங் கொண்டீர் அத்தெய்வ மாகி யாங்கே
மாதொரு பாகனார்தாம் வருவர் மற்றத் தெய்வங்கள்
வேதனைப் படும் இறக்கும் பிறக்கும் மேல்வினையுஞ் செய்யும்
ஆதலான் இவையி லாதான் அறிந்தருள் செய்வனன்றே

மேடையில் முதல் அடியையும் அடுத்த அரை அடியையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். மீதியையும் படித்தால்தான் கருத்து தெரியும். நீ எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டாலும் அங்கே வருபவன் சிவன். மற்றத் தெய்வங்கள் பிறக்கும், இறக்கும், வேதனைப்படும். அவை இல்லாதவன்தான் அருள் செய்ய முடியும். பெரிய மனசோடு சொன்னதுதான், ஆனால் படிநிலையோடு சொன்னது. கீதை 9ஆம் அத்தியாயத்தில், பிற தேவர்களை வணங்குவோரும் என்னையே வணங்குகிறார்கள், ஆனால் முறைப்படி அல்ல என்று கண்ணன் சொல்வதும் இதே கட்டுமானம். சமய ஆய்வாளர்கள் இதை ‘உள்ளடக்கும் கொள்கை’ என்பார்கள். என் சமயமே முழு உண்மை, உன் சமயத்தில் இருக்கும் நல்லதும் என் கடவுளிடமிருந்து வந்ததே என்ற நிலை. அதற்கு ஒரு பக்கம் ‘நாங்கள் மட்டுமே’ என்ற விலக்கும் கொள்கை, மறுபக்கம் ‘எல்லாம் சமவழி’ என்ற பன்மைக் கொள்கை. இந்த மூன்றும் எல்லாச் சமயத்துக்குள்ளும் உண்டு. இந்து என்றால் பன்மை, கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் விலக்கு என்று பங்கு பிரிப்பது தவறு.

அழைப்பிதழ்களில் தவறாமல் அச்சாகும் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ இந்த விவாதத்தில் சேராது. அதைப் பாடிய கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று சொல்லப்படும் மகிபாலன்பட்டி நம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் புறநானூற்றுப் பாட்டு (192) சமயத்தைப் பேசவில்லை. ஆற்று நீரில் போகும் புணை போல உயிர் முறைவழிப் போகிறது, அதனால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பது அதன் வாதம். எந்தக் கடவுளையும் தொடாததால் மூன்று சமயத்தாரும் சங்கடமின்றிச் சேர்ந்து சொல்லலாம். உறுதிமொழி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அந்தப் பாட்டை முழுதாகப் படியுங்கள்.

இனி ‘ஒரே கடவுள்’ விஷயம். திருமூலர் ‘ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்’ என்றார். மோசே வழி வந்த முதல் கட்டளை ‘என்னையன்றி உனக்கு வேறு தேவர்கள் இருக்கக் கூடாது’ என்கிறது. குர்ஆனின் 112ஆம் அத்தியாயம் அல்லாஹ் ஒருவன், எந்தத் தேவையும் இல்லாதவன், பெறவுமில்லை, பெறப்படவுமில்லை, அவனுக்கு நிகர் எவருமில்லை என்கிறது. மூன்றும் ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன. திருமூலர் மரபில் ஒருவன் என்பது பலவற்றையும் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் ஒருமை. ஆபிரகாம் வழிச் சமயங்களில் அது வேறொன்றையும் அவனோடு சேர்க்காத ஒருமை. அங்கே கடவுள் ஒருவரா பலரா என்ற எண்ணிக்கையைவிட, நீ யாருக்கு உரியவன் என்ற பற்றுதான் முதன்மை. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னை மீட்டவர் நான் என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கட்டளை வருகிறது. அது ஓர் உடன்படிக்கை.

நகரத்தாருக்கு (செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு) இதை விளக்க வேறெங்கும் போக வேண்டாம். ஒன்பது கோயில் இருந்தும் ஒரு புள்ளிக்கு (மணமான ஆண் ஒருவரின் குடும்பத்துக்கு) ஒரு கோயில்தான். இளையாற்றங்குடிப் புள்ளி மாத்தூரிலும் புள்ளியாக முடியாது. அதனால் மாத்தூரைத் தாழ்த்தியதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஒன்றுக்கு உரியவராக இருப்பதும் மற்றவரோடு உறவாக இருப்பதும் முரண் இல்லை என்பதற்கு மட்டும் இந்த உவமை போதும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஒன்பது கோயில்காரர்களும் ஒருவர் கோயில் சாமியை இன்னொருவர் சாமியாகவே கும்பிடுகிறார்கள். யூத, இஸ்லாமிய மரபுகளில் பிற வழிபாடு தவறு என்றே வைக்கப்பட்டிருக்கிறது. குர்ஆன் 4:48 இணைவைத்தலை, அதாவது இறைவனோடு வேறொன்றைச் சேர்த்து வணங்குவதை, மன்னிக்கப்படாத ஒன்றாகச் சொல்கிறது. இதை மழுப்பி நல்லிணக்கம் பேசினால் அது நிற்காது.

ஆனால் இதே கண்டிப்பான ஒருமையிலிருந்துதான் அவர்களுடைய பொதுமையும் பிறக்கிறது. படைத்தவன் ஒருவன் என்றால் பக்கத்து வீட்டுக்காரனைப் படைத்தவனும் அவனே. ஆதியாகமம் 12:3இல் ஆபிரகாமுக்குத் தரப்படும் வாக்கு, பூமியிலுள்ள எல்லாக் குடும்பங்களும் உன் மூலம் ஆசி பெறும் என்பது. ஆமோஸ் 9:7இல் இறைவன் இஸ்ரயேலரைப் பார்த்து நீங்களும் எனக்கு எத்தியோப்பியரைப் போலத்தானே என்று கேட்கிறார். எகிப்திலிருந்து உங்களைக் கொண்டுவந்தது போலவே பெலிஸ்தரையும் அராமியரையும் கொண்டுவந்தேன் என்கிறார். குர்ஆன் 10:47 ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு தூதர் உண்டு என்கிறது. 40:78 அவர்களில் சிலரைப் பற்றி உமக்குச் சொன்னோம், சிலரைப் பற்றிச் சொல்லவில்லை என்கிறது. 5:48, இறைவன் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக ஆக்கியிருப்பான், ஆகவே நன்மைகளில் முந்திக்கொள்ளுங்கள் என்கிறது. இவை எதுவும் ‘எல்லாம் ஒன்று’ என்று சொல்லவில்லை. ‘எல்லாரும் ஒருவனுடையவர்கள்’ என்று சொல்கின்றன. நீங்கள் அந்த இருவரிடம் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான், இது அவர்களிடம் ஏராளமாக இருக்கிறது.

யூத மரபின் ஏற்பாடு தெளிவானது. யூதரல்லாதவர் யூதராக மாறத் தேவையில்லை. நோவா வழி வந்த 7 கட்டளைகள் போதும், பிற இனத்து நல்லோருக்கும் மறுஉலகில் பங்கு உண்டு. 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு ஒரு நிபந்தனை போட்டார்: அந்தக் கட்டளைகளை இறைவன் மோசே வழியாகத் தந்தவை என்று ஏற்றுச் செய்ய வேண்டும், தன் அறிவுக்குப் பட்டது என்பதற்காக மட்டும் செய்தால் போதாது. 2002இல் பிரிட்டன் தலைமை ரபி (யூத மத குரு) ஜோனதன் சாக்ஸ் எந்தச் சமயமும் முழு உண்மையைத் தன்னிடம் வைத்திருக்கவில்லை என்ற பொருள்பட எழுதியபோது, மரபுவழி ரபிகள் எதிர்த்தார்கள். அடுத்த பதிப்பில் அந்த இடங்களைத் திருத்தினார். வாசல் திறந்திருக்கும், நிலைப்படியை எடுக்க மாட்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கிறிஸ்தவத்தின் பாதை நீண்டது. 3ஆம் நூற்றாண்டின் ஒரிஜென், 4ஆம் நூற்றாண்டின் நீசா கிரகோரி ஆகிய இறையியலாளர்கள் முடிவில் எல்லா உயிரும் கடவுளிடம் மீளும் என்று எதிர்பார்த்தார்கள். 553இல் கான்ஸ்டான்டினோப்பிள் சங்கத்தையொட்டி (சங்கம் என்பது ஆயர்களின் பொதுப் பேரவை) ஒரிஜென் பெயரிலான போதனை கண்டிக்கப்பட்டது. அவர்கள் சொன்னது எல்லாரும் மீட்படைவர் என்பது, எல்லாச் சமயமும் சமம் என்பதல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது மிகப் பரவலான பிழை. 1442இல் புளோரன்ஸ் சங்கத்தின் ஆணை, திருச்சபைக்கு வெளியே இருப்போர் நித்திய வாழ்வில் பங்கு பெற முடியாது என்று கடுமையாகவே எழுதியது. 1964, 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேறு தொனியில் பேசியது: தம் தவறின்றிக் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடுவோர் மீட்படைய முடியும், பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமானவற்றைத் திருச்சபை தள்ளிவிடுவதில்லை. அந்த 1965 அறிக்கையில் இந்து சமயத்தைப் பற்றியும் தனியே ஒரு குறிப்பு உண்டு. கார்ல் ரானர் என்ற ஜெர்மன் இறையியலாளர் இதை நீட்டி, நல்ல மனத்தோடு வாழும் பிற சமயத்தவரைப் ‘பெயரில்லாத கிறிஸ்தவர்’ என்றார். சித்தியாரின் பாட்டைப் படித்தவருக்கு இது புதிதாகவே இருக்காது. அருணந்தியாரும் ரானரும் ஒரே கணக்கைத்தான் இரண்டு பக்கமிருந்து போட்டிருக்கிறார்கள். நம்மைப் பெயரில்லாத கிறிஸ்தவர் என்றால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் ஃபாதரிடம் ‘நீங்கள் கும்பிடுவதும் சிவனைத்தான்’ என்றால் அவருக்கு இருக்கும்.

2000இல் வத்திக்கான் வெளியிட்ட இன்னோர் அறிக்கை, பிற சமயங்களைச் சமமான மீட்பு வழிகளாக வைக்க முடியாது என்று மறுபடி அழுத்தியது. 2019இல் அபுதாபியில் போப் பிரான்சிசும் எகிப்தின் அல்அஸ்ஹர் தலைமை இமாம் அஹ்மத் அல்தய்யிபும் கையெழுத்திட்ட ஆவணம், சமயங்களின் பன்மை இறைவனின் ஞானத்தில் விரும்பப்பட்டது என்றது. அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே பெரிய விவாதம் நடந்தது. உங்கள் பங்குத்தந்தை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அவரைக் காரைக்குடி மேடையில் வைத்து முடிவு கேட்பது நியாயமில்லை.

இஸ்லாத்தில் இந்தக் கேள்விக்கு மிகக் கூர்மையாகப் பதில் சொன்னவர் 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி. முஸ்லிமல்லாதோரை மூன்றாகப் பிரித்தார். நபியைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள். தவறாகவும் திரித்தும் மட்டுமே கேள்விப்பட்டவர்கள். சரியாக அறிந்தும் பிடிவாதமாக மறுத்தவர்கள். முதல் இரு பிரிவினருக்கும் மன்னிப்பு உண்டு, தம் காலத்து ரோமக் கிறிஸ்தவர்களிலும் துருக்கியரிலும் பெரும்பாலோர் இறைவனின் கருணைக்குள் வருவர் என்பது அவர் எண்ணம். குர்ஆன் 2:62, யூதரோ கிறிஸ்தவரோ, இறைவனையும் இறுதிநாளையும் நம்பி நல்லது செய்தவருக்குக் கூலி உண்டு என்கிறது. 3:85, இஸ்லாம் அல்லாத மார்க்கத்தைத் தேடுபவரிடமிருந்து அது ஏற்கப்படாது என்கிறது. மரபான விரிவுரையாளர்களில் பலர் முதல் வசனத்தை நபிக்கு முந்தைய சமூகங்களுக்கு என்று வைத்து இரண்டையும் இணைப்பார்கள். இன்றைய அறிஞர்களில் சிலர் முதல் வசனத்துக்கு விரிந்த பொருள் தருவார்கள். சூஃபி வழி இன்னும் நெருக்கமானது. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியில் பிறந்து 1838இல் மறைந்த மஸ்தான் சாகிபு, தாயுமானவர் கையாண்ட கண்ணி (ஈரடிப் பாட்டு) வடிவத்திலேயே பாடினார். அவருடைய கண்ணிகளைச் சைவர்களும் பாடுகிறார்கள். ஆனால் அவர் தொழுகையை விட்டவர் அல்லர், நபியைப் பாடியவர்.

இந்த உரசலுக்கும் உறவுக்கும் இந்தச் சீமையின் வரலாறே சான்று. தேவகோட்டைக்குக் கிழக்கே ஓரியூரில் 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்ற போர்ச்சுக்கீசியப் பாதிரியார்) வெட்டிக் கொல்லப்பட்டார். உடனடிக் காரணம் கடவுள் ஒருவரா என்ற தர்க்கம் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற மறவர் தலைவர் தடியத்தேவர் ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கிவிட, விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப் பெண். சமய மோதல் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கல்யாணம், சொத்து, மரியாதை வழியாக. இன்று அவர் கொல்லப்பட்ட இடத்துச் செம்மண்ணை எல்லாச் சாதி, சமயத்தாரும் எடுத்துப் போகிறார்கள்.

சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1893இல், அதே சேதுபதி வழியில் வந்த பாஸ்கர சேதுபதியின் ஊக்கத்தோடும் உதவியோடும் விவேகானந்தர் சிகாகோ சர்வசமய மாநாட்டுக்குப் போனார். அங்கே அவர் எடுத்துச் சொன்னது, பல ஆறுகள் ஒரே கடலில் கலப்பது போல என்ற சிவமஹிம்ன ஸ்தோத்திரக் கருத்து. அதே மாநாட்டுக்கு வர இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமை ஆயரான கான்டர்பரி பேராயர் மறுத்துவிட்டார். கிறிஸ்தவமே ஒரே சமயம், அதைப் பல சமயங்களில் ஒன்றாக உட்கார வைக்கும் அவையில் எப்படிக் கலந்துகொள்வது என்பது அவர் காரணம். மறுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர் பிரச்சினையைச் சரியாகப் பார்த்தார். நாற்காலியைப் போடும் விதத்திலேயே ஒரு கொள்கை இருக்கிறது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. ஒரு கடவுள் கொள்கையைப் பொதுச் சட்டமாக்கினால் நாம் அதற்கு ஏற்ப உடம்பைச் சுருக்கிக்கொள்ள வேண்டி வரும். நகரத்தார் கடை வைத்திருந்த மேடான் நகரம் இருக்கும் இந்தோனேசியாவில், 1945இல் வகுத்த அரசின் ஐந்து அடிப்படைக் கொள்கைகளான பஞ்சசீலத்தில் முதல் கொள்கையே ‘ஒரே பரம்பொருளான இறைவன்’. அங்கீகாரம் பெறுவதற்காகப் பாலித்தீவு இந்துக்கள் தங்கள் வழிபாட்டைச் சங் ஹியாங் விதி என்ற ஒரே இறைவனை மையமாக வைத்து எடுத்துரைத்தார்கள். வங்கத்தில் 1828இல் பிரம்ம சமாஜத்தைத் தொடங்கிய ராம்மோகன் ராய் உருவ வழிபாட்டை நீக்கினார். இயேசுவின் போதனைகளை அற்புதங்கள் இல்லாமல் தொகுத்ததற்காகப் பாதிரிமாரும் அவரோடு சண்டை போட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக்குகிறேன் என்று செதுக்கினால் இரண்டு பக்கமும் காயப்படும். முகலாய இளவரசர் தாரா ஷிகோ 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது, குர்ஆன் குறிப்பிடும் மறைவான வேதம் இதுவே என்றார். எதையும் செதுக்காமல் தன் வேதத்தின் கண்ணால் மற்றதைப் பார்த்த முயற்சி என்பதால் எனக்கு அது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது.

இனி உங்கள் நிகழ்ச்சி. கடைப்பிடிக்க வேண்டிய விதி 1986 அக்டோபர் 27ஆம் தேதி அசிசி நகரில் இரண்டாம் ஜான் பால் பல சமயத் தலைவர்களை அழைத்தபோது வகுத்தது: சேர்ந்து ஜெபிக்க வரவில்லை, ஜெபிப்பதற்காகச் சேர்ந்து வந்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தம் முறையில் வேண்டுவார், மற்றவர் மரியாதையோடு உடனிருப்பார். 1982 மண்டைக்காடு கலவரத்தின்போது நேரில் போய் அமைதிக்கு உழைத்த நம் குன்றக்குடி அடிகளார் திருநீற்றுப் பூச்சோடும் துவராடையோடும்தான் போனார். யாரும் தம் அடையாளத்தைக் கழற்றத் தேவையில்லை.

இடம்: ஹோமம் நடந்த வளவில் (உள்முற்றத்தில்) வேண்டாம். கலசமும் கோலமும் படமும் அங்கே இருக்கும். முகப்பிலோ கல்யாணக் கொட்டகையிலோ வையுங்கள். பின்னால் மூன்று சமயச் சின்னங்களை ஒரே பேனரில் அச்சடிக்காதீர்கள். அப்பா, அம்மா பெயரும் தேதியும் போதும். நேரம்: மாலை 4.30 முதல் 5.30 வரை. அஸர் என்ற பிற்பகல் தொழுகை முடிந்திருக்கும், சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப் தொடங்கியிருக்காது. நம் பக்கத்தில் சூரியன் மறைவது மாதத்துக்கு ஏற்ப 5.50இலிருந்து 6.40 வரை மாறும். கார்த்திகை, மார்கழியில் என்றால் 4.15க்கே தொடங்குங்கள். ஞாயிறு காலையும் வெள்ளி நண்பகலும் கூடாது. நீண்டுபோவதுதான் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கெடுக்கிறது. ஆளுக்கு 7 நிமிடம், கடைசியில் 2 நிமிட மௌனம். அந்த மௌனத்தில் யார் யாரை நினைக்கிறார்கள் என்பது அவரவர் பாடு.

விளக்கு: வீட்டுக்காரர்களே ஏற்றட்டும். கத்தோலிக்கருக்கு எண்ணெய் விளக்கில் தடையில்லை. 1969இல் ரோம் ஒப்புதல் கொடுத்த 12 இந்திய வழிபாட்டு முறைகளில் அதுவும் ஒன்று. பெந்தெகொஸ்தே சபையாரும் பல முஸ்லிம்களும் அதை வழிபாடாகப் பார்ப்பார்கள். மேடையில் கையில் மெழுகுவத்தியைக் கொடுத்துவிட்டால் மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் நிற்பார்கள்.

வாசகம்: ஒவ்வொருவரும் தாமே தேர்ந்தெடுக்கட்டும். யோசனை கேட்டால், ஃபாதரிடம் திருப்பாடல் 71ஐச் சொல்லுங்கள். முதுமையில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்ற வேண்டுதல் மணிவிழாவுக்கு அப்படியே பொருந்தும். ஹஜ்ரத்திடம் பாத்திஹாவோடு (குர்ஆனின் முதல் அத்தியாயம்) குர்ஆன் 17:23, 24. பெற்றோரிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லாதே, சிறு வயதில் என்னை வளர்த்தது போல அவர்கள் மீது கருணை காட்டு என்று வேண்டு என்கிறது அது. இங்கேதான் பெரிய தவறு நடக்கும். அந்த வசனம் ‘அவனைத் தவிர எவரையும் வணங்காதீர்கள்’ என்று தொடங்கித்தான் பெற்றோரிடம் வருகிறது. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் படிக்கச் சொல்லாதீர்கள். அந்த மார்க்கத்தில் பெற்றோர் கடமைக்கு வேரே அந்த முன்பாதிதான். ‘நமச்சிவாய வாழ்க’ என்பதை எடுத்துவிட்டுச் சிவபுராணம் பாடுங்கள் என்று ஓதுவாரிடம் சொல்வோமா?

ஐயாவின் ஆன்ம சாந்தி: இதை ஹஜ்ரத்திடம் கேட்காதீர்கள். முஸ்லிமல்லாதவராய் மறைந்தவருக்கு மன்னிப்பு வேண்டுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் 9:113ஐக் காட்டி அனுமதிப்பதில்லை. உயிரோடு இருக்கும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உடல்நலம், நல்வழி, பரக்கத் (இறையருள் வளம்) வேண்டி துஆ (வேண்டுதல்) செய்வதில் தடையில்லை, மனநிறைவோடு செய்வார். ஃபாதருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கடவுள் மட்டுமே அறிந்த நம்பிக்கையோடு இறந்த எல்லாரையும் நினைத்தருளும்படி அவரிடம் வேண்டும் வரி அவர்கள் திருப்பலி மன்றாட்டிலேயே உண்டு.

ஆசி வாங்கும் நேரத்திலும் கவனம் வேண்டும். நம் வீடுகளில் சின்னவர்கள் விழுந்து கும்பிட, பெரியவர்கள் திருநீறு பூசுவார்கள். அப்பாவைவிட வயதில் சிறிய முஸ்லிம் நண்பர்கள் விழ மாட்டார்கள். சஜ்தா (நெற்றி தரையில் பட வணங்குவது) இறைவனுக்கு மட்டும். அவர்கள் கட்டித் தழுவி சலாம் சொல்வதை அதே மரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்களிடம், முக்கியமாக ஆச்சிமாரிடம், முதல் நாளே சொல்லிவையுங்கள். திருநீற்றுத் தட்டைச் சுற்றுக்கு விடாதீர்கள். கை நீட்டுவோருக்குக் கொடுங்கள்.

பலகாரம்: கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சுட்டவுடன், சாமிக்கு வைப்பதற்கு முன்பே, விருந்தினர் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிவிடுங்கள். படைத்ததைச் சாப்பிடலாமா என்பதில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 8, 10ஆம் அதிகாரங்களிலிருந்தே கிறிஸ்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. முஸ்லிம்கள் இறைவன் அல்லாத பெயரில் படைத்ததைத் தவிர்ப்பார்கள். ‘இது படைக்காதது’ என்று பரிமாறுபவரே மெதுவாகச் சொல்லிவிட்டால் இலையில் வைத்ததை ஒதுக்க வேண்டிய சங்கடம் யாருக்கும் வராது. சைவச் சமையல் என்பதால் ஹலால் கேள்வி எழாது. இதன் மறுபக்கமும் உண்டு: ஃபாதர் தம் கோயிலில் அப்பாவுக்காகத் திருப்பலி வைத்தால் நீங்கள் போங்கள், உட்காருங்கள், எழுந்து நில்லுங்கள். ஆனால் நற்கருணை வரிசையில் போய் நிற்காதீர்கள். அது பிரசாதம் அல்ல, சபையில் சேர்ந்தவருக்கே உரியது.

அழைப்பிதழில் ‘சர்வசமயப் பிரார்த்தனை’ என்பதை எடுத்துவிட்டு, ‘அப்பாவின் நண்பர்கள் அவரவர் சமய முறைப்படி வாழ்த்தி வேண்டுகிறார்கள்’ என்று போடுங்கள். அச்சுக்குக் கொடுப்பதற்கு 2 வாரம் முன்பு வரைவை இருவரிடமும் காட்டிவிடுங்கள். ஜமாஅத்திலும் மறைமாவட்டத்திலும் அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் ஹஜ்ரத் மேடைக்கு வரத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் விருந்து வைத்தவருக்காகக் கேட்கும் துஆ அவர்கள் மார்க்கத்திலேயே இருக்கிறது, அதை அவர் யாரும் கேட்காமலே ஓதுவார்.